மூன்றாம் நம்பர் ஃபிக்ஸ்சர்

இரண்டு மாதத்துக்கு முன்னால் பதினாறு மரப்பெட்டிகளுக்கு என் கையாலேயே லேபிள் ஒட்டினேன். உள்ளே எங்கள் லைனின் டெஸ்ட் ஃபிக்ஸ்சர்கள், அதாவது செய்த பொருளைப் பொருத்திச் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் கருவிகள். விலாசம் வியட்நாம், எங்கள் வேலையே அங்கே போகிறது. கம்பெனி பெயர் வேண்டாம், செட்டில்மென்ட்டில் பாதி இன்னும் கைக்கு வரவில்லை.

அதற்கு முன்னால் ஆறு வாரம் எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னார்கள். எந்த ஸ்க்ரூவை முதலில் முடுக்க வேண்டும், ரீடிங் ஆடினால் எந்த கனெக்டரைத் துடைக்க வேண்டும் என்று ஒன்பது வருஷம் கையில் இருந்ததையெல்லாம் ஃபோட்டோவோடு எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நம்பர் ஃபிக்ஸ்சருக்கு ஒரு கோளாறு உண்டு, மூடியின் இடது ஓரத்தை லேசாக அழுத்தினால்தான் பாஸ் காட்டும். அதை எழுதவில்லை. அற்பத்தனம்தான், தெரியும்.

ஸ்ரீபெரும்புதூருக்கு இது புதிதில்லை. நோக்கியா 2006இல் இங்கே வந்தது. உச்சத்தில் 8,000 பேர், அதில் பெண்கள்தான் அதிகம். விடியுமுன் கம்பெனி பஸ்ஸுக்காகச் சாலையோரம் நின்ற கூட்டம் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்புறம் வரித் தகராறில் ஆலை மாட்டிக்கொண்டது, 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் ஃபோன் தொழிலை வாங்கியபோது இதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஐயாயிரம் பேர் வரை விருப்ப ஓய்வில் போனார்கள். இருபத்தைந்து வயதில் ஓய்வு! அந்த நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தியே நின்றது.

ஊரே அன்று அரசாங்கத்தைத் திட்டியது, நானும் திட்டினேன். ஆனால் 2008இல் நோக்கியா ஜெர்மனியில் போஹும் ஆலையை மூடி 2,300 பேர் வேலையை எடுத்துவிட்டு ருமேனியாவுக்குப் போனதும், அந்த ருமேனிய ஆலையும் 2011இல் மூடப்பட்டதும், அடுத்த வருஷம் அவர்கள் சொந்த நாடான பின்லாந்திலேயே சாலோ ஆலையில் உற்பத்தியை நிறுத்தி வேலையை ஆசியாவுக்குத் தள்ளியதும் எங்கள் டீக்கடைப் பேச்சில் ஒரு நாளும் வந்ததில்லை. வேலை வரும்போது எங்கிருந்து வருகிறது என்று யார் கேட்பார்கள்? ஓவர்டைம் உண்டா என்றுதான் கேட்போம்.

இப்போது எங்கள் கம்பெனியில் வேலை பழக வியட்நாமிலிருந்து இரண்டு பையன்கள் வந்திருந்தார்கள். கேன்டீன் சாம்பாரைத் தொடவே இல்லை, வெறும் சோறும் முட்டையும்தான். எனக்கு எத்தனை வருஷ சர்வீஸ் என்று ஒருவன் ஃபோனில் மொழிபெயர்த்துக் கேட்டான். ஒன்பது என்று விரலைக் காட்டினேன். அதற்கப்புறம் அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் அவனிடமிருந்து ஒரு ஃபோட்டோ. மூன்றாம் நம்பர், சிவப்பு விளக்கு. கூடவே ஒரு கேள்விக்குறி.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் மூடியின் இடது ஓரத்தில் வட்டம் போட்டு அனுப்பிவிட்டேன்.