மூன்று ‘இசட்’டும் நான் கோட்டைவிட்ட புள்ளிகளும்

மட்டக்களப்பில் விலங்கியல் படித்தபோது கூர்ப்புப் பாடத்தில் ஒரு கட்டுரை வினா: நெருங்கிய உறவுள்ள அந்துப்பூச்சிகளைப் பெரோமோன் (இணையை அழைக்க விடும் மணப்பொருள்) வேறுபாடு இனப்பெருக்கத்தில் எப்படிப் பிரிக்கிறது? “பூட்டும் திறப்பும் போல” என்று தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் தனி மணம் என்று இரண்டு பக்கம் நிரப்பினேன். 25க்கு 9. மீள்பரீட்சைக்கு ஒரேயோர் உதாரணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஆழமாகப் படித்தேன்: ஐரோப்பியச் சோளன் தண்டுதுளைப்பான் என்ற அந்துப்பூச்சி.

அதில் இரண்டு வகை உண்டு. இரண்டிலும் பெண்கள் விடுவது அதே இரு பொருட்கள்தான், ஒரே அசற்றேற்றின் கேத்திரகணித சமபகுதியங்கள், அதாவது அணுக்கள் அதேதான், இரட்டைப் பிணைப்பைச் சுற்றி அமையும் விதம் மட்டும் வேறு. ஒன்றின் பெயர் இசட், மற்றதன் பெயர் ஈ. இசட் வகையில் இசட், ஈ சமபகுதியங்கள் 97க்கு 3. ஈ வகையில் கிட்டத்தட்ட 1க்கு 99. மிளகாயும் புளியும் அதேதான், அளவு மாறினால் கறி வேறு. பெரும்பாலும் ஆண் தன் வகையின் அளவுக்குத்தான் பறந்து வரும்.

இதோடு நிறுத்தினால் பாதிப் புள்ளிதான். பெண் விடும் விகிதத்தைத் தீர்மானிப்பது ஒரு தாழ்த்தும் நொதியத்தின் (ரிடக்டேஸ்) பரம்பரையலகு (ஜீன்) என்று 2010இல் காட்டினார்கள். அது இலிங்க நிறமூர்த்தத்தில் (ஆணா பெண்ணா என்பதோடு தொடர்புடைய நிறமூர்த்தம்) இல்லை. ஆணின் விருப்பத்துக்கான ‘பாப்’ பரம்பரையலகு 2021இல் தெரியவந்தது. அது இருப்பது இசட் இலிங்க நிறமூர்த்தத்தில். அனுப்புவது ஓரிடம், கேட்பது வேறிடம். பெண் மட்டும் மாறினால் அவளைத் தேடி யார் வருவார்? அப்படியிருக்க இரண்டும் எப்படிச் சேர்ந்து மாறின? இந்தக் கேள்வியை விடையில் நீங்களே எழுப்புங்கள், திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஒரு பொறி: சமபகுதியம் இசட், வகை இசட், நிறமூர்த்தமும் இசட். மூன்றும் வேறு வேறு. எதைச் சொல்கிறீர்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுதிவிடுங்கள். இன்னொன்று, இவ்விரு வகைகளும் கலந்தால் வளமான கலப்பினம் பிறக்கும். ஆகவே ‘இரு இனங்கள்’ என்று எழுதாதீர்கள். நுகத்துக்கு (கருவுற்ற முட்டைக்கு) முந்திய, முழுமையடையாத தடை என்று எழுதுங்கள்.

நேரமும் ஒரு தடைதான். 2018இல் அம்பாறைச் சோளன் தோட்டங்களைத் தின்ற சேனாப் படைப்புழுவை எங்கள் பக்கம் தெரியாதவர் இல்லை. அது வளர்ந்து அந்துப்பூச்சியானதும் சோள வகை முன்னிரவிலும் நெல் வகை பின்னிரவிலும் இணைதேடும். நம்மூரைத் தாக்கிய பூச்சி என்பதால் இரண்டு வரி தாராளமாகக் கொடுக்கலாம்.

ஜெர்மன் வேதியியலாளர் புட்டனான்ட் 1959இல் சுமார் 5 இலட்சம் பட்டுப்பூச்சிகளிலிருந்து அவற்றின் பெரோமோனான பொம்பிகோலைப் பிரித்த கதையை எல்லோரும் எழுதுவார்கள். நல்ல கதைதான், ஆனால் அது இந்த வினாவுக்கு விடை அல்ல. முதல் தடவை நான் அதற்கே அரைப் பக்கம் கொடுத்திருந்தேன்.