தீர்மானம் போட்டாச்சு என்றார்கள்: மாமன்ற முடிவின் நகலை வாங்கிய அனுபவம்

எங்கள் தெருவுக்கு மழைநீர் வடிகால் கட்ட சென்னை மாநகராட்சி மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேறிவிட்டது என்று 2024 நடுவில் சொன்னார்கள். நாடாளுமன்றத் தேர்தல் நடத்தை விதிகள் முடிந்து கூட்டங்கள் மறுபடி தொடங்கிய நேரம் அது. கவுன்சிலர் அலுவலகத்திலிருந்து தெரு வாட்ஸ்அப் குழுவுக்குச் செய்தி வந்தது, ஆளாளுக்குக் கைகூப்பிப் பதில் போட்டார்கள். அந்தத் தீர்மானம் முழுசாக என் கைக்கு வந்து சேர்வதற்குள் ஒரு வடகிழக்குப் பருவமழை பெய்து முடிந்துவிட்டது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. இதே நிலையில் இருப்பவர்கள் வீணாக அலைய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

வடசென்னையில் ஓட்டேரி நல்லா என்ற கால்வாய்க்குத் தண்ணீர் போய்ச் சேர வேண்டிய பகுதி எங்களுடையது. தெருவின் இரண்டு முனைகளிலும் வடிகால் உண்டு, நடுவில் மட்டும் கிடையாது. அதனால் மேல்முனையில் ஓடி வரும் தண்ணீர் போக வழியில்லாமல் எங்கள் வாசல்களில் தேங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, டயாலிசிஸுக்குப் போக வேண்டிய எதிர்வீட்டுப் பாட்டியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்தார்கள். தண்ணீர் இடுப்புக்கு மேல் இருந்தது. தெருவில் யாரும் இதைச் சாதாரண ரோடு வேலையாக நினைக்காததற்குக் காரணம் அதுதான்.

செய்தி வந்ததும் வார்டு அலுவலகத்தில் போய்க் கேட்டேன். ஏ.இ. (உதவிப் பொறியாளர்) கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "அந்தத் தெருவுக்கு ஒண்ணும் சாங்ஷன் ஆகலையேம்மா" என்றார். மண்டல அலுவலகத்துக்குப் போனால் அங்கிருந்த எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "தீர்மான எண் சொல்லுங்க. எண் இல்லாம எந்த ஃபைலைத் தேடுறது?" என்றார். எண்ணைக் கேட்டுக் கவுன்சிலர் அலுவலகத்துக்கு வந்தால், அங்கே உதவிக்கு இருக்கும் பையன், "எண்ணெல்லாம் எங்களுக்கு வராதுக்கா, தேதி வேணா சொல்றேன்" என்று ஒரு தேதியைச் சொன்னார். இந்த மூன்று இடங்களுக்கும் மாறி மாறி அலைந்ததில் செப்டம்பர் வந்துவிட்டது. அப்புறம் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "மழை சீசன், இனிமே ரோடு கட் கிடையாது." பருவமழை நேரத்தில் சாலையைத் தோண்ட மாநகராட்சி தடை போடுவது வருடா வருடம் நடப்பதுதான், அது நியாயமும்கூட. ஆனால் அந்தத் தடைக்கு முன்னால் கையில் இருந்த மாதங்களை யார் தின்றார்கள் என்பதற்குப் பதில் சொல்ல ஆளில்லை. அக்டோபர் மத்தியில் கொட்டிய மழையில் மறுபடி வீட்டுக்குள் தண்ணீர்.

மழை விட்டதும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். ரிப்பன் மாளிகையில் உள்ள மன்றத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு, இந்தத் தேதியில் நடந்த மாமன்றக் கூட்டத்தில் எங்கள் வார்டின் வடிகால் பற்றி நிறைவேறிய தீர்மானத்தின் நகல் வேண்டும் என்று எழுதினேன். பதில் காலத்துக்குள் வந்தது. அந்தத் தேதியில் மாமன்றக் கூட்டமே நடக்கவில்லை என்று இருந்தது.

விசாரித்தால், கவுன்சிலர் அலுவலகத்தில் எனக்குச் சொன்னது மண்டலக் குழுக் கூட்டத்தின் தேதி. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் சிக்குகிறார்கள். சென்னையில் அப்போது 200 வார்டுகள், 15 மண்டலங்கள். ஒவ்வொரு மண்டலத்துக்கும் அந்தந்தப் பகுதிக் கவுன்சிலர்கள் சேர்ந்த குழு ஒன்று கூடுகிறது. 200 கவுன்சிலர்களும் மேயர் தலைமையில் ரிப்பன் மாளிகையில் கூடுவதுதான் மாமன்றம். இரண்டுக்கும் நடுவில் பணிகள், நகரமைப்பு, பொது சுகாதாரம், கல்வி, கணக்கு, வரிவிதிப்பு மற்றும் நிதி என்று நிலைக்குழுக்கள் வேறு. மண்டலக் குழுவில் ஒரு வேலையைப் பேசி மேலே அனுப்பினாலும் "தீர்மானம் போட்டாச்சு" என்றுதான் சொல்வார்கள். மாமன்றம் ஒப்புதல் கொடுத்தாலும் அதே வார்த்தைதான். ஆகவே யாராவது தீர்மானம் ஆகிவிட்டது என்று சொன்னால், உடனே கேட்க வேண்டிய கேள்வி: எந்தக் கூட்டத்தில்?

இரண்டாவது மனுவில் தேதியைக் குறிப்பிடவில்லை. நடத்தை விதிகள் முடிந்த பிறகு நடந்த மாமன்றக் கூட்டங்களில், எங்கள் மண்டலத்தின் மழைநீர் வடிகால் பணிகள் தொடர்பான தீர்மானங்களை நேரில் பார்வையிட அனுமதி வேண்டும் என்று எழுதினேன். ஆவணங்களை நேரில் பார்க்க அந்தச் சட்டத்தில் நமக்கு உரிமை உண்டு, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை. ரிப்பன் மாளிகையில் இது எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தது. அங்கிருந்த அம்மா பொறுமையாகக் கட்டுகளை எடுத்துக் கொடுத்தார்.

பத்திரிகையில் "மாமன்றத்தில் தீர்மானங்கள் நிறைவேற்றம்" என்று ஒரு வரியில் படித்துவிட்டுப் போகிறோமே, அந்தக் கட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரிகிறது. ஒரே கூட்டத்தில் டஜன் கணக்கில் தீர்மானங்கள். பள்ளிக் கட்டடம், பூங்கா பராமரிப்பு, தெருவிளக்கு, குப்பை வண்டி, ஒப்பந்தக் கால நீட்டிப்பு என்று வரிசையாகப் போகிறது. பல தீர்மானங்கள் ஒரே நீளமான வாக்கியம்தான். எங்களுடையது கிடைத்தது. "பல்வேறு தெருக்களில் மழைநீர் வடிகால் அமைக்கும் பணிக்கான மதிப்பீட்டுக்கு அனுமதி" என்று இருந்தது. எண் இருந்தது, தேதி இருந்தது, தெருப் பெயர் மட்டும் இல்லை. கீழே "இணைப்பில் கண்டவாறு" என்று ஒரு வரி, அந்த இணைப்பு அந்தக் கட்டில் கிடையாது. மண்டலத்தில் இருக்கும் என்றார்கள். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டித் தீர்மானத்தை மட்டும் நகல் எடுத்துக்கொண்டேன்.

தீர்மான நகல் கேட்கும்போது "இணைப்புகள் மற்றும் மதிப்பீட்டுடன்" என்று கட்டாயம் எழுதுங்கள். உங்கள் தெரு இருக்கிறதா இல்லையா என்பது இணைப்பில்தான் தெரியும்.

மண்டல அலுவலகத்தில் அந்த இணைப்பைக் கேட்டபோதுதான் உண்மையான போராட்டம் தொடங்கியது. மனுவில் பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "ஸ்டாம்ப் எல்லாம் வாங்க மாட்டோம், டி.டி. எடுத்துட்டு வாங்க" என்று திருப்பித் தள்ளினார் அதே எழுத்தர். தமிழ்நாட்டில் இந்த வில்லை செல்லும். பத்து ரூபாய்க்கு டி.டி. எடுக்க வங்கிக்கு அதைவிட அதிகம் கட்ட வேண்டும். அவரோடு வாதாடுவதில் பயனில்லை என்று அதே மனுவை ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பிவிட்டேன். கவுன்ட்டரில் திருப்பித் தரும் மனுவைத் தபாலில் வந்தால் வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கிய தேதிக்கும் அந்த அட்டையே சாட்சி.

முப்பது நாள் போனது, பதில் இல்லை. முதல் மேல்முறையீடு போட்டேன், அதற்குக் கட்டணம் கிடையாது. இது மண்டலத்தில் யாரையோ உசுப்பியிருக்க வேண்டும். பதில் வந்தது, கூடவே இத்தனை பக்கத்துக்கு இவ்வளவு ரூபாய் கட்டினால் நகல் தருவோம் என்ற கடிதமும் வந்தது. சட்டத்தின் 7(6) பிரிவை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கெடுவுக்குள் தகவல் தராவிட்டால், அதன் பிறகு தரும் தகவலுக்குக் காசு வாங்கக் கூடாது. கடிதத்தின் நகலிலேயே அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, ஒப்புகை அட்டையில் உள்ள தேதியையும் எழுதி எடுத்துக்கொண்டு நேரில் போனேன். எழுத்தர் படித்தார், உள்ளே போனார், ஒரு அதிகாரியோடு திரும்பி வந்தார். "கொடுத்து அனுப்புங்க" என்று அதிகாரி சொல்ல, நகல் இலவசமாகக் கைக்கு வந்தது. தொகை பெரிதல்ல. ஆனாலும் அந்த அலுவலகப் படியில் இறங்கும்போது இருந்த நிம்மதி எனக்குத்தான் தெரியும்.

இணைப்பு என்பது மடித்து வைத்த ஒரு பெரிய தாள். வரிசை எண், வார்டு, தெருவின் பெயர், நீளம் மீட்டரில், தொகை என்று கட்டம் கட்டமாக இருந்தது. விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தேன், எங்கள் தெரு இல்லை. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. என் அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். "இதோ இருக்கே, இது நம்ம தெருவோட பழைய பேருடி" என்றார். சாதிப் பின்னொட்டை எடுத்து, பெயர்ப் பலகையை மாற்றி எத்தனையோ வருடங்கள் ஆகின்றன. மதிப்பீடு தயாரித்தவர் ஏதோ பழைய பட்டியலிலிருந்து பெயரை எடுத்திருக்கிறார். வார்டு அலுவலகக் கம்ப்யூட்டரில் புதுப் பெயர், மாமன்றம் அனுமதித்த தாளில் பழைய பெயர். ஏ.இ. தேடியபோது "ஒண்ணும் சாங்ஷன் ஆகலை" என்று வந்ததற்குக் காரணம் இவ்வளவுதான். இந்த ஒரு வரிக்காக ஒரு மழைக்காலத்தை இழந்தோம்.

சென்னையில் இது எங்கள் தெருவுக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. கதவு எண்ணிலேயே பழைய எண், புதிய எண் என்று இரண்டு வைத்துக்கொண்டு வாழும் ஊர் இது. அலுவலகத்தில் எதைத் தேடச் சொன்னாலும் தெருவின் இரண்டு பெயர்களையும் சொல்லித் தேடச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே தெருதான் என்று காட்ட எங்களுக்குக் கை கொடுத்தது சொத்து வரி ரசீது. அத்தை பழைய ரசீதுகளைத் தூக்கிப் போடாமல் பீரோவில் வைத்திருந்தார். பழைய பெயர் போட்ட ரசீதிலும் புதுப் பெயர் போட்ட ரசீதிலும் வரி பில் எண் ஒன்றுதான். அதைப் பார்த்ததும் ஏ.இ. வேறு பேச்சே பேசவில்லை. அன்றே திருத்தக் குறிப்பு எழுதி மேலே அனுப்பினார். அந்த மனுஷன் நல்லவர்தான், எங்களை ஏமாற்ற நினைத்தவர் இல்லை.

அதோடு முடியவில்லை. மாமன்ற அனுமதி கிடைத்த பிறகும் ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும், பிறகு பணி ஆணை கொடுக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் டெண்டர் இணையதளத்தில் மண்டலத்தையும் வேலையின் பெயரையும் போட்டுத் தேடினால் ஒப்பந்தப்புள்ளி கோரியிருக்கிறார்களா என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதில் எங்கள் பணி இருந்தது. ஒப்பந்ததாரர் மற்ற தெருக்களில் வேலையைத் தொடங்கியும் விட்டிருந்தார். எங்கள் தெருவை மட்டும், அப்படி ஒரு தெருவே இல்லை என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

வார்டு மக்கள் நேரில் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டம் வந்தபோது தீர்மான எண், தேதி, இணைப்பின் வரிசை எண் மூன்றையும் ஒரே தாளில் எழுதி, தெருக்காரர்கள் கையெழுத்தோடு கொடுத்தோம். 2022 நவம்பர் 1 அன்று உள்ளாட்சி தினத்தில் தொடங்கிய இந்தக் கூட்டங்களை நிறையப் பேர் சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வரும் இடமாக நினைக்கிறார்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் அப்படித்தான் முடியும். எழுதிக் கொடுத்து, கூட்டக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லி, பதிவானதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நாங்கள் கேட்டோம், படித்துக் காட்டினார்கள்.

2025 கோடையில் ஜே.சி.பி. வந்தது. மின்சாரக் கேபிள் குறுக்கே போனதால் வேலை நடுவில் நின்று, மின்வாரிய ஆட்கள் வந்து மாற்றிக் கொடுத்த பிறகு மறுபடி தொடங்கியது. பருவமழைக்கு முன்னால் மூடியும் போட்டுவிட்டார்கள். இந்த முறை மழைக்குத் தண்ணீர் தெருவில் ஓடியது, வாசலில் நிற்கவில்லை. எதிர்வீட்டுப் பாட்டி ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்.

2016 முதல் 2022 வரை சென்னைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை. தனி அலுவலர் ஒருவரின் கையெழுத்தில்தான் எல்லாம் நடந்தது. இப்போது நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய 200 பேர் உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவு எந்தத் தெருவுக்கு என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு குடும்பம் இவ்வளவு அலைய வேண்டியிருப்பது நியாயமே இல்லை. தீர்மானத்தை இணைப்போடு சேர்த்து அந்தந்த வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அத்தையைப் போல ஒருத்தர் நின்று படித்திருந்தால் எங்கள் தெருவை முதல் நாளே கண்டுபிடித்திருப்பார்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மதிப்பீட்டில் எங்கள் தெருமுனைக்கு ஒரு வண்டல் வடிகட்டித் தொட்டி போட்டிருக்கிறார்கள், தெருவில் அந்தத் தொட்டி இல்லை. கட்டாத தொட்டிக்குப் பில் போயிருக்கிறதா என்று பார்க்க எம்-புக் (முடிந்த வேலையின் அளவுகளைக் குறிக்கும் பதிவேடு) நகல் கேட்டு மனு அனுப்பியிருக்கிறேன். கட்டண வில்லை ஒட்டி, தெருவின் இரண்டு பெயர்களையும் எழுதி, தபாலில்தான்.