ஹோய் ஆனில் தைத்த சட்டை

28 ஜனவரி 2025, செவ்வாய்

37 நாள் கழித்து இன்று காலை வீடு வந்து சேர்ந்தேன். விமான நிலையத்தில் மெட்ரோ ஏறினால் தண்டையார்பேட்டையில் இறங்கிக்கொள்ளலாம், வண்டி மாற வேண்டியதில்லை. அம்மா கதவைத் திறந்து, முதுகில் இருந்த பையைப் பார்க்காமல் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னாடா இப்டி கறுத்துப் போய்க்கிற?" என்றார். பொங்கலுக்கு நான் வீட்டில் இல்லாத வருத்தம் இன்னும் போகவில்லை. எனக்காக இன்று மறுபடி சர்க்கரைப் பொங்கல் வைத்திருந்தார்.

பழைய வேலையை டிசம்பரில் விட்டேன். பாரிமுனைப் பக்கம் புது ஷிப்பிங் ஆபீசில் பிப்ரவரி 3 சேர வேண்டும். வயது 32. இப்போது போகாவிட்டால் எப்போதும் போக மாட்டோம் என்று தோன்றியதால் தனியாகக் கிளம்பினேன். கோலாலம்பூர், பினாங்கு, அங்கிருந்து ரயிலிலேயே ஹாட்யாய் வழியாக பாங்காக், சியாங் மாய், அப்புறம் ஹனோய், ஹோய் ஆன், சைகோன். மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் நான் போனபோது நமக்கு விசா தேவைப்படவில்லை. வியட்நாமுக்கு மட்டும் 25 டாலர் கட்டி இ-விசா எடுத்தேன்.

நாளைக்கு வியட்நாமில் டெட், அவர்களுடைய புத்தாண்டு. ஹோய் ஆனில் எனக்குச் சட்டை தைத்த பெண் இந்நேரம் ஹுவேயில் தன் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். அவரைப் பற்றி எழுத வேண்டும். இன்று முடியாது, கண்ணைக் கட்டுகிறது.

30 ஜனவரி, வியாழன்

ராத்திரி தெருமுனையில் கேரம் போர்டு போட்டிருந்தார்கள். நான் போய் உட்கார்ந்ததும் வந்த முதல் கேள்வி, "மச்சான், எத்தினி பேரு?"

தாய்லாந்து என்று சொன்னாலே எங்கள் தெருவில் இந்தக் கேள்விதான் வரும். எனக்குக் கோபம் வரவில்லை. போகும்போது என் தலைக்குள்ளும் அதில் பாதி இருந்தது. கல்யாணமாகாத ஆம்பளை தனியாக வெளிநாடு போனால் எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. அதனால் இன்று ஆட்டம் முடிகிறவரை உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

பினாங்கில் முதல் ஹாஸ்டல். அங்கேயும் ஜார்ஜ் டவுன் என்றுதான் பேர், அங்கேயும் தமிழ் போர்டு, மாரியம்மன் கோயில். ஒரே அறையில் எட்டுப் படுக்கை, ஆணும் பெண்ணும் கலந்து. அம்மாவும் அக்காவும் தவிர வேறு பெண் இருக்கிற அறையில் நான் அதுவரை தூங்கியதில்லை. எதிர்ப் படுக்கையில் ஒரு பெண் ஈரத்துண்டைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரையை இழுத்து மூடிக்கொண்டேன். மூன்றாம் நாளில் அது நம்ம ஊர் ஸ்லீப்பர் கோச் மாதிரி ஆகிவிட்டது. "லைட்ட அணைக்கலாமா?" "சார்ஜரை எடுத்துக்கட்டுமா?" அவ்வளவுதான். ஒரு பெண்ணிடம் ஒன்றும் எதிர்பார்க்காமல் பேச முடியும் என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த அறையில்தான். காலேஜில் படித்தபோது கற்றிருக்க வேண்டியது.

நட்பு ஆரம்பிப்பதெல்லாம் சமையலறையிலும் சாப்பாட்டுக் கடையிலும்தான். சியாங் மாயில் காவ் சொய் என்று ஒரு சாப்பாடு. தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸ், மேலே பொரித்த நூடுல்ஸ், பக்கத்தில் வெங்காயமும் எலுமிச்சையும். ஒரு வாய் வைத்ததுமே பர்மா பஜார் பக்கம் அத்தோ கடைகளில் விற்கிற கவ்ஸ்வே ஞாபகம் வந்துவிட்டது. 1962க்குப் பிறகு பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. எங்கள் ஊரிலும் இது இருக்கிறது என்று பக்கத்து ஸ்டூலில் இருந்தவரிடம் சொன்னேன். போர்ச்சுகல் பெண், தனியாக வந்திருந்தார். "சென்னைக்கு இது எப்படி வந்தது?" என்று கேட்டார். அந்தக் கதை சொல்லி முடிக்கக் கடையே மூடிவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஐந்து நாள் ஒன்றாகவே சுற்றினோம். டோய் சுதேப் மலைக்கோயில், ஞாயிற்றுக்கிழமைச் சந்தை எல்லாம். பிடித்திருந்தது, இரண்டு பேருக்கும். அடுத்த வாரம் பாய் என்கிற மலை ஊருக்குச் சேர்ந்து போகலாம் என்று அவர் திட்டம் போட்டபோது நானும் தலையாட்டினேன். ஹனோய் டிக்கெட் என் போனில் ஏற்கெனவே இருந்தது. சொன்னால் அந்த நாட்கள் கெட்டுவிடும் என்று பயம். கிளம்புகிற அன்று காலையில்தான் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. "முதல் நாளே சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தாலும் உன்னோடு சுற்றியிருப்பேனே" என்றார்.

இந்த இடத்தில் கேரம் போர்டில் யாரும் ஸ்ட்ரைக்கரைத் தொடவில்லை. ஒருவன் மட்டும், "அது தப்பு மச்சான்" என்றான். தப்புதான்.

1 பிப்ரவரி, சனி

துணியெல்லாம் துவைத்தேன். மாடியில் காயப்போட இடம் போதவில்லை.

கேரம் ஆட்டத்தில் டேட்டிங் ஆப் பற்றியும் கேட்டிருந்தார்கள், அதையும் எழுதிவிடுகிறேன். டின்டர், பம்பிள் இரண்டும் வைத்திருந்தேன். 37 நாளில் நேரில் சந்தித்தது மூன்றே பேரை. அதில் ஒருவர் பாங்காக்கில், சந்தித்த பத்தாவது நிமிடமே தனக்குத் தெரிந்த ஒரு பாருக்குத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மெனுவில் விலையே போடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். இப்படிக் கூட்டிப்போய்ப் பெரிய பில்லை நீட்டுவது பல ஊர்களில் நடக்கிறது என்று ஹாஸ்டலில் எச்சரித்திருந்தார்கள். இடத்தை நாம் சொல்ல வேண்டும், விலையைக் கேட்ட பிறகுதான் உட்கார வேண்டும்.

"இந்தியர்கள் வேண்டாம்" என்று எழுதியிருந்த புரொஃபைல்களும் கண்ணில் பட்டன. முதலில் படித்த அன்று ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை. ஒரு நாள் பட்டாயா கடற்கரையில் நம்ம ஊர்ப் பையன்கள் நாலு பேர், தமிழில் கத்திக்கொண்டு, குளித்துக்கொண்டிருந்த பெண்களைப் போனில் படம் எடுத்தார்கள். போய், "வேணாம் தலைவா, நிறுத்துங்க" என்றேன். "நீ யாரு?" என்றான் ஒருவன். அந்தப் பெண்கள் நானும் அந்தக் கூட்டம்தான் என்று நினைத்து என்னையும் சேர்த்து முறைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு? நினைத்தால் இன்னும் நெஞ்சு எரிகிறது.

2 பிப்ரவரி, ஞாயிறு

விடியற்காலை அம்மாவோடு காசிமேடு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வஞ்சிரம் விலையைக் கேட்டுவிட்டு சங்கராவும் நண்டும் வாங்கினோம். திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அம்மா விஷயத்துக்கு வந்தார். திருவொற்றியூரில் ஒரு பெண், நர்ஸ் வேலை. தை முடிவதற்குள் பார்த்துவிட வேண்டும். அடுத்த ஞாயிறு வடிவுடையம்மன் கோயிலில் சும்மா பார்க்கிற மாதிரி பார்க்கலாம். "அந்த நீல சொக்கா போட்டுக்கினு வா. அதுல நீ உங்க நைனா மாறியே கீற."

அந்தச் சட்டை ஹோய் ஆனில் தைத்தது.

அப்பா வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். போய் ஆறு வருஷம் ஆகிறது. ஹோய் ஆன் முழுக்கத் தையல்கடை. காலையில் அளவு கொடுத்தால் மறுநாள் சட்டை தயார். ஒரு கடை வாசலில் தையல் மெஷின் சத்தம் கேட்டதும் கால் தானாக நின்றுவிட்டது. உள்ளே இருந்தவருக்கு என் வயதுக்கு இரண்டு மூன்று குறைவாக இருக்கும். இடது மணிக்கட்டில் குண்டூசி குத்திவைத்த சின்னப் பஞ்சுத் தலையணை. டேப்பை எடுத்து முதலில் தோளை அளந்தார். "தோள் சரியா உக்காந்தா மத்ததெல்லாம் தானா உக்காரும்" என்று அப்பா சொல்வார். மறுநாள் டிரையலுக்குப் போனபோது நான் சட்டையின் முன்பக்கத்தைப் பார்க்காமல் உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்த்தேன். கைக்குழியில் ஒரு நூல்கூடத் தொங்கவில்லை. காஜாவைக் கையாலேயே எடுத்திருந்தார். அவர் சிரித்துவிட்டு, போனில் மொழிபெயர்த்துக் காட்டினார்: "உன் வீட்டில் யார் தையல்காரர்?"

அன்று சாயங்காலம் காவ் லாவ் என்கிற அந்த ஊர் நூடுல்ஸ் சாப்பிடப் போனோம். உட்கார்ந்ததும் நான் முதலில் சொன்னது, "பதினாறாம் தேதி கிளம்புகிறேன், டிக்கெட் எடுத்தாகிவிட்டது" என்பதைத்தான். சியாங் மாயில் செய்ததை இங்கே செய்யக்கூடாது என்று இருந்தேன். அவர் விரல்விட்டு எண்ணி, "நாலு நாள்" என்றார். அப்புறம் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.

வியட்நாமியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு "நான்", ஒரு "நீ" புழங்குவதில்லை, வயதையும் உறவையும் பார்த்துதான் கூப்பிட வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது. ஆண் "ஆஞ்", அதாவது அண்ணன். பெண் "எம்", தங்கை. காதலர்களும் புருஷன் பெண்டாட்டியும்கூட அப்படியேதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். நம்ம ஊரில் ஒரு பெண் "அண்ணா" என்றால் கதை முடிந்தது என்று நான் சொன்னேன். புரிந்ததும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பார்த்தவுடன் "சாப்பிட்டாயா?" என்று கேட்பது மட்டும் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். "அன் கம் சுவா?" சோறு சாப்பிட்டாச்சா?

13ஆம் தேதி பௌர்ணமி. அங்கே சந்திர மாதத்தின் பதினாலாம் ராத்திரி பழைய ஊரில் மின்விளக்குகளை அணைத்துவிட்டுக் காகித விளக்குகள் மட்டும் ஏற்றுகிறார்கள். இங்கே அன்றைக்குப் போகி. அம்மா போனில் பேசும்போது பின்னால் பசங்கள் மேளம் தட்டுவது கேட்டது. நான் து போன் என்கிற ஆற்றின் கரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆற்றில் மெழுகுவர்த்தி வைத்த சின்னக் காகிதப் படகுகள் போய்க்கொண்டிருந்தன. அவர் கையை நான் பிடித்தேனா, அவர் பிடித்தாரா, தெரியவில்லை. அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன். அது அவருக்கும் சொந்தமானது.

கடைசி நாள் சொன்னார்: "டெட்டுக்கு ஊருக்குப் போனால் எல்லா அத்தையும் எப்போது கல்யாணம் என்று கேட்பார்கள். நீ காத்திரு என்று சொல்லாதே. நானும் சொல்ல மாட்டேன். நன்றாக இருக்கிறாயா என்று மட்டும் எப்போதாவது கேள்."

5 பிப்ரவரி, புதன்

புது ஆபீசில் மூன்றாம் நாள். பில் ஆஃப் என்ட்ரி என்கிற இறக்குமதிச் சுங்கப் படிவங்கள் குவியல், நிமிர நேரமில்லை.

மதியம் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. ஹுவே வீட்டு வாசலில் மஞ்சள் பூ பூத்த செடி, பக்கத்தில் அவர் அம்மா. கீழே "அன் கம் சுவா?" டப்பாவைத் திறந்து தயிர்சாதத்தைப் படம் எடுத்து அனுப்பினேன்.

9 பிப்ரவரி, ஞாயிறு

நீலச் சட்டையோடு போனேன். அம்மன் சன்னிதியில் கும்பிட்டுவிட்டு பெரியவர்கள் மண்டபத்தில் உட்கார்ந்துவிட, எங்களைப் பிராகாரம் சுற்றி வரச் சொன்னார்கள். முதல் சுற்று முழுக்க டியூட்டி நேரம், ஆபீஸ் தூரம் என்றே போனது. நைட் டியூட்டி முடித்துவிட்டு நேராக வந்திருந்தார். ஆனாலும் வேகமாக நடந்தார்.

இரண்டாவது சுற்றில், "சட்டை நல்லா இருக்கு. எங்க தச்சீங்க?" என்றார்.

எம்.சி. ரோடு என்று சொல்லிவிட்டால் அதோடு போயிற்று. வாய்வரை வந்தது. சொல்லவில்லை. ஹோய் ஆன், தைத்தவர் யார், பௌர்ணமி, நாலு நாள், போன வாரம் வந்த படம் எல்லாம் சொன்னேன். சியாங் மாயில் ஒருவரிடம் மறைத்ததையும் சொன்னேன். "நாளைக்கு வேற யாராவது சொல்லித் தெரியறதவிட நானே சொல்றது நல்லதுன்னு தோணுச்சு. இதனால வேணாம்னு நினைச்சீங்கன்னா நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். தூண் ஓரத்தில் அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

"எங்க ஏரியா பக்கத்துப் பொண்ணு காசிமா, போன நவம்பர்ல அமெரிக்கா போயி கேரம் உலகக் கோப்பைல மூணு தங்கம் வாங்கினு வந்துச்சு இல்ல?" என்றார் திடீரென்று. "அன்னிக்கு எங்க வார்டுல எல்லாரும் அதயேதான் பேசினோம்." நின்று, "அந்த ஹாஸ்டல்ல பொண்ணுங்களுக்குத் தனி ரூம் உண்டா?" என்று கேட்டார்.

உண்டு என்றேன். பெண்கள் மட்டும் தங்குகிற அறை பெரும்பாலும் எல்லா ஊரிலும் கிடைக்கும், லாக்கருக்குப் பூட்டு மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும், ராத்திரி விமானத்தில் இறங்கினால் முதல் நாள் மட்டும் விமான நிலையம் பக்கத்திலேயே அறை எடுப்பது நல்லது என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது சுற்றும் முடிந்துவிட்டது. அவர் போனை எடுத்து ஊர்ப் பேர்களைத் தமிழில் தட்டிக்கொண்டு வந்தார்.

"பாஸ்போர்ட் எடுத்து மூணு வருஷம் ஆச்சு" என்றார். "ஒரு சீல்கூட விழல."