வளையத்தடியில் ஐந்து பேர்

மார்ச் 28, 2025. இண்டியானாபொலிஸ் லூக்காஸ் ஆயில் அரங்கில் எனக்குக் கிடைத்தது கூரையை ஒட்டிய இருக்கை. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம். பர்டூ 60, ஹூஸ்டன் 60. மிச்சம் சில விநாடிதான். ஹூஸ்டனின் மைலோஸ் உஸான் கோட்டுக்கு வெளியே நின்று ஜோசப் டக்ளருக்குப் பந்தைப் போட்டார். போட்ட கையோடு உள்ளே ஓடினார். டக்ளர் அதைத் திருப்பிக் கொடுக்க, தடுக்க ஆளே இல்லாத ஒரு லே-அப், அதாவது வளையத்தடிக்கே போய் மெல்ல இடும் பந்து. 62-60. அரங்கில் பாதிப் பேர் பர்டூ ரசிகர்கள் போல. படியிறங்கும்போது யாரும் பேசவில்லை.

காரில் நண்பன் கேட்டான், "அந்தக் கடைசி ரெண்டு பாயிண்ட் யாருது? போட்டவனுக்கா, குடுத்தவனுக்கா?" அப்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் அந்தக் கேள்விதான் பிறகு என் கோடை முழுவதையும் தின்றது.

விஷயம் இதுதான். அலுவலகத்தில் நாங்கள் மூன்று பேர் வருடா வருடம் ஒரு பந்தயம் கட்டுவோம். அடுத்த கல்லூரி சீசனில் வளையத்தடியில் யார் நன்றாக முடிப்பார்கள் என்று ஆளுக்கு ஐந்து பெயர். சீசனில் நூறு முயற்சியாவது இருக்க வேண்டும். முயற்சியில் எத்தனை உள்ளே போனது என்ற சதவீதத்தை ஐந்து பேருக்கும் கூட்டினால் யாருக்கு அதிகமோ அவருக்கு மற்ற இருவரும் சாப்பாடு வாங்கித் தர வேண்டும். போன முறை தோற்றவன் நான். முந்தைய வருடப் பட்டியலை சதவீத வரிசையில் அடுக்கி, மேலிருந்து ஐந்து பேரை எடுத்துக் கொடுத்திருந்தேன். அதில் ஒருவர் வேறு கல்லூரிக்கு மாறி பெஞ்சிலேயே உட்கார்ந்தார். இன்னொருவருக்குப் பந்து கொடுத்துக்கொண்டிருந்த கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்) பட்டம் வாங்கிப் போய்விட்டார்.

சதவீதம் முதலில் சொல்வது உயரத்தைத்தான். கல்லூரி வாழ்நாள் சாதனை 74 சதவீதம், யூசிஎஃப் (சென்ட்ரல் ஃப்ளோரிடா) கல்லூரியின் டாக்கோ ஃபால் வைத்திருப்பது. அவர் ஏழரை அடி. கையை நீட்டினால் வளையம். அவரைப் பார்த்து நான் என்ன கற்றுக்கொள்வது?

சரி, இந்த முறை ஒழுங்காகச் செய்வோம் என்று பார்ட் டார்விக் என்ற கல்லூரிக் கூடைப்பந்து இணையதளத்தின் புள்ளிவிவர அட்டவணைகளைத் திறந்தேன். டங்க் (எம்பி வளையத்துக்குள் பந்தைத் திணிப்பது), கிட்ட இருந்து போட்டது, தள்ளி இருந்து போட்டது, மூன்று புள்ளி என்று அங்கே பிரித்திருப்பார்கள். முதல் குழப்பம் அங்கேயே வந்தது. இந்தப் பிரிவு, ஆட்டத்தின்போது மேசையில் உட்கார்ந்து பதிபவர் 'லே-அப்' என்று தட்டினாரா 'ஜம்பர்' (தள்ளி நின்று எம்பி எறிவது) என்று தட்டினாரா என்பதை வைத்து நடக்கிறது. பர்டூவின் ட்ரே காஃப்மன்-ரென் ஐந்தாறு அடியில் இருந்து தூக்கிவிடும் சின்ன ஹூக்கை (ஒரு கையால் தலைக்கு மேல் வளைத்து விடுவது) ஒருவர் இப்படிப் பதிவார், இன்னொருவர் அப்படிப் பதிவார்.

அடுத்தது ஃபவுல். எறியும்போது அடி வாங்கி, பந்தும் உள்ளே போகாவிட்டால் அது முயற்சியாகவே கணக்கில் ஏறாது. போய்விட்டால் மட்டும் ஏறும். ஆகவே முட்டி மோதி அடி வாங்குகிறவரின் சதவீதம் கொஞ்சம் உப்பித்தான் தெரியும். பழைய வருடங்களோடு ஒப்பிடுவதும் சரிவராது. 2023-24 முதல் சார்ஜ் விதி, அதாவது தடுப்பவர் மேல் மோதினால் பந்துள்ளவருக்கு விழும் ஃபவுல், மாறிவிட்டது. உதவிக்கு ஓடிவரும் தடுப்பாட்டக்காரர், பந்துள்ளவர் எம்புவதற்குக் கடைசிக் காலை ஊன்றுமுன் இடத்தில் நின்றிருக்க வேண்டும். அதனால் உள்ளே பாய்கிறவர்களுக்குத் தைரியம் கூடியது. (1967 முதல் 1976 வரை கல்லூரி ஆட்டத்தில் டங்க்குக்கே தடை இருந்தது. யூசிஎல்ஏ கல்லூரியின் நெடிய வீரர் லூ அல்சின்டரை மனதில் வைத்துக் கொண்டுவந்த தடை என்பார்கள். அப்போது எங்கள் பந்தயம் இருந்திருந்தால் இன்னும் சுவையாக இருந்திருக்கும்.)

அப்புறம்தான் நோட்டை எடுத்தேன். பதிவான ஆட்டங்களை இரவில் ஓடவிட்டு, வளையத்தடியில் விழுந்த ஒவ்வொன்றையும் மூன்று கட்டத்தில் குறித்தேன்: கைக்கு வந்தது, தானே போட்டுக்கொண்டது, பொறுக்கியது. சக வீரர் தவறவிட்டதை ரீபவுண்ட் எடுத்து அப்படியே உள்ளே போடுவதுதான் பொறுக்கியது. மனைவி ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, "ஏங்க, முடிஞ்சுபோன ஆட்டத்துக்கு எதுக்கு இப்படி முறைக்கிறீங்க?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

இடையில் ஒரு கிறுக்குத்தனமும் நடந்தது. இடக்கையால் முடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துகொள்ளப் பூங்கா கோர்ட்டுக்குப் போய் மைக்கன் பயிற்சி செய்தேன். 1940களில் டிபால் கல்லூரியில் ரே மேயர் 6 அடி 10 அங்குல ஜார்ஜ் மைக்கனுக்குச் சொல்லிக்கொடுத்தது. வளையத்தடியில் நின்று வலப்பக்கம் வலக்கை, இடப்பக்கம் இடக்கை, பந்தைக் கீழே இறக்காமல் மாறி மாறிப் போட வேண்டும். இருபதாவதில் தோள் பிடித்துக்கொண்டது. இடக்கையில் போட்டதில் பாதி பலகையின் பின்பக்கம் போனது. அன்றிலிருந்து நோட்டில் 'எந்தக் கை' என்று நான்காவது கட்டமும் சேர்ந்தது.

ஆகஸ்ட் முடிவதற்குள் ஒன்று தெளிவானது. 'கைக்கு வந்தது' மட்டும் நிறைந்திருக்கும் ஆளை எடுப்பதானால், கொடுக்கிறவர் அடுத்த வருடமும் அதே இடத்தில் இருக்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும். காஃப்மன்-ரென் சராசரியாக ஆட்டத்துக்கு 20 புள்ளி எடுத்தவர், அவருக்குப் பந்து கொடுக்கும் பிரேடன் ஸ்மித்தும் அப்போது பர்டூவில்தான் இருந்தார். ஸ்கிரீன் வைத்துவிட்டு (தடுப்பவரின் வழியில் குறுக்கே நின்றுவிட்டு) வளையத்தை நோக்கி உருளும்போது ஸ்மித்தின் பாஸ் எங்கே வரும் என்று அவருக்கு அத்துபடி. எழுதினேன். டெக்ஸஸ் டெக்கின் ஜேடி டாப்பினுக்கு அந்தக் கவலையும் கிடையாது. என் நோட்டில் பொறுக்கியதும் தானே போட்டுக்கொண்டதும் அவர் பெயருக்கு நேரேதான் அதிகம். எழுதினேன்.

கேன்சஸின் ஃப்ளோரி பிடுங்காவை இண்டியானாக்காரர்கள் கொகோமோ பள்ளி நாட்களிலிருந்தே அறிவார்கள். அங்கே வளையத்தடியில் ஆடிய ஹண்டர் டிக்கின்சன் போய்விட்டதால் அடுத்த சீசனில் அந்த இடத்தில் அவர்தான் என்று தோன்றியது. ஆட்டநேரம் கூடினால் சதவீதம் இறங்கும் என்பது போன வருடம் நான் காசு கொடுத்துக் கற்ற பாடம். ஆனாலும் அவர் எம்பும் வேகத்தைப் பார்த்தபின் விட மனம் வரவில்லை. நான்காவது டோனவன் டென்ட். நியூ மெக்ஸிகோவிலிருந்து யூசிஎல்ஏவுக்குப் போயிருந்த கார்டு, ஆறடியைக் கொஞ்சம் தாண்டிய உயரம். கல்லூரி மாறியவர்களைத் தொடக்கூடாது என்று நானே போட்ட விதியை இவருக்காக மீறினேன். இவர் முடிப்பதில் பெரும்பகுதி தானே உருவாக்கிக்கொள்வது, அதை எங்கே போனாலும் கூடவே கொண்டுபோவார்.

பள்ளி முடித்து அந்த சீசனில் புதிதாக வந்த கேமரன் பூசர், ஏஜே டிபான்ட்சா இருவரையும் விட்டுவிட்டேன். பள்ளி வீடியோவில் எதிரே நிற்பவர்கள் ஒரு தலை குள்ளம், அதை நம்பிச் சாப்பாட்டைப் பணயம் வைக்க முடியாது.

ஐந்தாவது இடத்துக்கு ஒரு வாரம் தூக்கமில்லை. கடைசியில் யூசிஎல்ஏவிலிருந்து மிச்சிகனுக்கு மாறிய அடாய் மாரா. 7 அடி 3 அங்குல ஸ்பெயின்காரர். பழைய இடத்தில் ஆட்டநேரம் குறைவு, நூறு முயற்சி தேறுமா என்பதே சந்தேகம். ஆனால் பயிற்சியாளர் டஸ்டி மே முந்தைய வருடம் டேனி வுல்ஃப், விளாட் கோல்டின் என இரண்டு ஏழடிக்காரர்களை ஒன்றாக இறக்கி ஆடியவர். உயரத்தைப் பயன்படுத்தத் தெரிந்த கை.

சீசன் 2025 நவம்பர் 3-ல் தொடங்கியது. முந்தைய வெள்ளிக்கிழமை மதியம் மூன்று சீட்டுகளையும் மேசையில் பிரித்தோம். காரில் அந்தக் கேள்வியைக் கேட்டவனின் சீட்டில் முதல் பெயர் உஸான். டக்ளர் திரும்ப வந்திருக்கிறாரே, அது போதும் என்றான். என் நோட்டைப் பிரித்து அந்த 62-60 லே-அப்பைத் தேடிக் காட்டினேன். 'கைக்கு வந்தது' கட்டத்தில் ஒரு கோடு, பக்கத்தில் பர்டூ பெயர் போட்ட பேனாவின் கறுப்பு மை கொஞ்சம் ஈஷியிருந்தது.