தினமும் இடுப்பில் இருக்கப்போகும் கைத்துப்பாக்கி: எதைப் பார்த்து வாங்குவது, எப்படிச் சோதிப்பது

அமெரிக்காவில், குறிப்பாக டெக்ஸாஸில் வாழ்ந்து, தற்காப்புக்கென ஒரு கைத்துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்ல நினைக்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். நம்மூரில் வளர்ந்தவர்களில் பலருக்கு என்.சி.சி.யில் .22 ரைஃபிளைத் தொட்டதோடு துப்பாக்கி அனுபவம் முடிந்துவிடுகிறது. அதனால் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்து நீட்டுவதை நம்பி வாங்கிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் இருப்பதிலேயே சின்னதாக இருக்கும். மறைக்க எளிது, சுடக் கடினம்.

முதலில் சட்டம். எச்-1பி, எச்-4, எஃப்-1, எல்-1, பி-2 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். விலக்குகள் சில உண்டு. நம்மவர்களுக்குப் பொருந்தக்கூடியது காலாவதியாகாத மாநில வேட்டை உரிமம். க்ரீன் கார்டு உள்ளவரும் குடிமக்களும் வாங்கலாம். விசாவில் இருக்கும் நண்பருக்காக உங்கள் பெயரில் வாங்கிக் கொடுக்கவே கூடாது. 2022 முதல் அது தனிக் கூட்டாட்சிக் குற்றம். ஊரிலிருந்து பெற்றோர் பி-2 விசாவில் வந்து தங்கும் மாதங்களிலும் இதே கவனம் வேண்டும்: துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் பெட்டியின் சாவியோ எண்ணோ அவர்கள் கையில் இருக்கக் கூடாது.

டெக்ஸாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, சட்டத் தடை எதுவும் இல்லாதவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். ஆனாலும் எல்.டி.சி. (லைசென்ஸ் டு கேரி) என்ற மாநில உரிமத்தை வாங்கிவிடுங்கள். பிள்ளைகளைப் பள்ளியில் விடப் போகிறவர்களுக்கு அது மிக அவசியம். பள்ளி எல்லையிலிருந்து 1,000 அடிக்குள் தோட்டா ஏற்றிய துப்பாக்கியோடு பொதுச் சாலையில் போவதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. அந்த மாநிலத்தின் உரிமம் கையில் இருப்பவருக்கு விலக்கு உண்டு. பள்ளிக் கட்டடத்துக்குள் உரிமம் இருந்தாலும் கொண்டுபோகக் கூடாது. கோயில் வாசலில் 30.05, 30.06, 30.07 என்ற எண்களோடு துப்பாக்கியைத் தடுக்கும் அறிவிப்புப் பலகை இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

இனி துப்பாக்கி. மறைப்பது என்றதும் குழலின் நீளத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். உண்மையில் குழல் இடுப்புக்குக் கீழே, கால்சட்டைக்குள் போய்விடுகிறது. அது 3 அங்குலமா 4 அங்குலமா என்பது வெளியே தெரியாது. சட்டையை முட்டிக்கொண்டு நிற்பது கைப்பிடியின் அடிமுனைதான். குளாக் 43எக்ஸ், குளாக் 48 இரண்டும் நல்ல எடுத்துக்காட்டு. இரண்டுக்கும் ஒரே சட்டகம், ஒரே கைப்பிடி, ஒரே 10 தோட்டா மேகசின் (கைப்பிடிக்குள் செருகும் தோட்டாக் கூடை). 48-இன் குழல் முக்கால் அங்குலம் நீளம், அவ்வளவுதான். மறைப்பதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. முன்வயிற்றுப் பக்கம் வைப்பவர்களுக்கு 48 இன்னும் கொஞ்சம் வசதி என்பேன்: குழல் நீண்டால் கீழ்ப்பகுதி உடம்போடு அழுந்தி, கைப்பிடி வெளியே சாயாமல் நிற்கும்.

அதே கைப்பிடிதான் சுடுவதையும் தீர்மானிக்கிறது. மூன்று விரலும் முழுசாகப் பதிந்தால் துப்பாக்கி கையில் நிற்கும்; சுண்டுவிரல் காற்றில் தொங்கினால் ஒவ்வொரு சுடுதலுக்கும் பிடி கலைந்து, திரும்பப் பிடிக்க நேரம் போகும். ஆக, தேர்வு என்பது கைப்பிடியில் அரை அங்குலத்தை விட்டுக்கொடுப்பதா வேண்டாமா என்ற கேள்விதான். குளாக் 26-இன் உயரம் ஏறத்தாழ 4.2 அங்குலம், குளாக் 19-க்கு 5 அங்குலம். இடைப்பட்ட இடத்தில் 2018-இல் வந்த சிக் சௌர் பி365 ஒரு அங்குலத் தடிமனில் 10 தோட்டாவை அடக்கிக் காட்டியது. அதற்குப் பிறகு ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட், ஸ்மித் அண்ட் வெஸனின் ஷீல்டு பிளஸ் என்று ஒரு வரிசையே வந்துவிட்டது. சராசரி உடல்வாகுக்கு என் பரிந்துரை இந்த நடுவகைதான். தளர்வான சட்டை எப்போதும் போடுபவர் குளாக் 19 அளவுக்கே போகலாம். நிறைந்த மேகசினோடு அது 850 கிராமைத் தொடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எடை குறைந்தால் நல்லது என்பது பாதி உண்மை. ரூகர் எல்.சி.பி. 300 கிராம்கூட இல்லை, சட்டைப்பையில் போடலாம் போலிருக்கும். ஆனால் இலேசான துப்பாக்கி கையில் பலமாக உதைக்கும், குறிபார்க்கும் முனைகளும் அதில் சின்னவை. ஸ்மித் அண்ட் வெஸன் 642 ரிவால்வரைப் புதியவர்களுக்கும் பெண்களுக்கும் எளிது என்று சொல்லி விற்பார்கள். அதன் ட்ரிகரை இழுக்க 12 பவுண்டு அளவுக்கு விசை வேண்டும், எடை 400 கிராம் சொச்சம், தோட்டா ஐந்துதான். பழகிய கைக்கு அது நம்பகமான ஆயுதம். முதல் துப்பாக்கியாக யாருக்கும் அதைச் சொல்லமாட்டேன். துப்பாக்கியின் நகரும் மேல்பகுதியான ஸ்லைடை இழுக்க விரலில் வலு இல்லை என்பவர்கள், அதற்கென்றே இலகுவாக வடிவமைத்த ஷீல்டு இ.இசட். வகையை இழுத்துப் பார்க்கலாம்.

கடையில் கையில் எடுத்ததும் மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னால் இழுத்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். கடைக்காரர் பார்த்துவிட்டுத்தான் கொடுத்திருப்பார். அப்படியும் பார்க்க வேண்டும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சவ்வு கைப்பிடியின் உச்சிவரை ஏறட்டும். முழங்கையும் குழலும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். அந்த நிலையிலேயே ஆள்காட்டி விரலின் நுனிச் சதை ட்ரிகரின் நடுவில் பதிய வேண்டும். எட்டவில்லை என்று கையைத் திருப்பிப் பிடித்தீர்களானால் தோட்டா பக்கவாட்டில் போகும், எத்தனை பயிற்சி எடுத்தாலும். மேகசின் விடுவிக்கும் பொத்தான் எட்டுகிறதா என்றும் பாருங்கள். அனுமதி கேட்டுக்கொண்டு, ஸ்லைடின் முன்முனையில் ஒரு நாணயத்தை வைத்து ட்ரிகரை மெதுவாக இழுங்கள். நாணயம் விழாமல் இழுக்க முடிகிற ட்ரிகர் உங்களுக்கு ஏற்றது.

இதோடு வாங்கிவிடாதீர்கள். வாடகைக்குத் துப்பாக்கி தரும் ரேஞ்சுகள் உண்டு. மனதில் இருக்கும் இரண்டு மூன்றையும் ஒரே நாளில், ஒரே தோட்டா வகையில் சுட்டுப் பார்க்க வேண்டும். அடிப்படை அளவுகோலுக்கு டெக்ஸாஸ் எல்.டி.சி. தேர்வையே எடுத்துக்கொள்ளலாம்: பி-27 குறிப்படத்தில் 3 கெஜத்தில் 20, 7 கெஜத்தில் 20, 15 கெஜத்தில் 10, ஆக 50 தோட்டா, 250-க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. அந்தப் படம் மிகப் பெரியது, அதில் தேறுவதை வைத்து மனநிறைவு கொள்ள முடியாது. 5 கெஜத்தில் 3-க்கு 5 அங்குல அட்டை ஒன்றை ஒட்டி, அவசரமில்லாமல் ஐந்து சுடுங்கள். ஐந்தும் அட்டைக்குள் விழும்வரை அந்தத் துப்பாக்கி உங்களுக்கு ஏற்றதா என்று முடிவு செய்ய வேண்டாம். பிறகு அதே அட்டையில் வேகத்தைக் கூட்டுங்கள். சின்னத் துப்பாக்கிக்கும் நடுத்தரத்துக்கும் உள்ள வேறுபாடு மெதுவாகச் சுடும்போது தெரியாது. இரண்டாவது, மூன்றாவது தோட்டாவில்தான் தெரியும்.

வாங்கிய துப்பாக்கியை உடனே இடுப்பில் செருகக் கூடாது. கையேட்டில் சொன்னபடி துடைத்து எண்ணெய் இட்டு, சாதாரணப் பயிற்சித் தோட்டா 200, பிறகு தற்காப்புக்கு வைக்கப்போகும் தோட்டா 50, ஒரு தடங்கலும் இல்லாமல் ஓட வேண்டும். மேகசின்களின் அடியில் 1, 2, 3 என்று பெயின்ட் பேனாவால் எழுதிவிடுங்கள். தடங்கல் எந்த எண்ணில் வருகிறது என்பதுதான் நோயைக் காட்டிக்கொடுக்கும். ஒரே மேகசினில் மட்டும் தோட்டாவின் மூக்கு கீழே முட்டி நின்றால் அதன் சுருள் தளர்ந்திருக்கும் அல்லது விளிம்பு வளைந்திருக்கும். அதை ஒதுக்கிவிட்டால் தீர்ந்தது. சுட்ட கூடு வெளியே போகாமல் ஸ்லைடில் செங்குத்தாக மாட்டினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மணிக்கட்டை: பிடி தளர்ந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னோக்கிப் போகாது. திடமாகப் பிடித்தும் அது வந்தால் தோட்டாவின் வலுவையோ, கூட்டைப் பிடித்திழுக்கும் கொக்கியையோ பார்க்க வேண்டும். கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு பின்னால் நிற்காமல் மூடிக்கொள்கிறதா? குட்டைத் துப்பாக்கிகளில் இது சகஜம். கட்டை விரல், ஸ்லைடைப் பின்னால் நிறுத்தும் நெம்புகோலின் மேல் அழுந்திக் கிடக்கும். இன்னொருவர் சுடும்போது சரியாக நின்றால் கோளாறு பிடியில்தான். மேகசினுக்கும் பிடிக்கும் தொடர்பில்லாத தடங்கல் திரும்பத் திரும்ப வந்தால் துப்பாக்கியைத் தயாரிப்பாளருக்கு அனுப்பிவிட்டு, வந்ததும் எண்ணிக்கையைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள்.

பழையதாக வாங்குபவர்கள் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். சிக் பி320 கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று தெரிந்தபின் 2017 ஆகஸ்டில் அதற்கு இலவச மேம்பாடு அறிவிக்கப்பட்டது, 9 மி.மீ. ஷீல்டு இ.இசட். 2020-இல் ஹேமர் கோளாறுக்காகத் திரும்ப அழைக்கப்பட்டது. அந்த வேலை செய்யப்படாத துப்பாக்கிகள் கைமாறி வரலாம்.

தோட்டா விஷயத்தில் 9 மி.மீ. போதும், அதற்குமேல் தேட வேண்டாம். 1986-இல் மயாமியில் கொள்ளையர்களோடு நடந்த துப்பாக்கி மோதலுக்குப் பிறகு எஃப்.பி.ஐ. உருவாக்கிய சோதனையில், தோட்டா தடித்த துணியையும் தாண்டி, ஜெலட்டின் கட்டிக்குள் 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும். நவீன 9 மி.மீ. குழிமுனைத் தோட்டாக்கள் இதைச் செய்கின்றன, ஃபெடரல் எச்.எஸ்.டி. 124 அல்லது 147 கிரெயின் (தோட்டா முனையின் எடை அளவு), ஸ்பியர் கோல்டு டாட் 124 கிரெயின் இரண்டும் நன்றாகச் சோதிக்கப்பட்டவை. 3 அங்குலக் குழலில் வேகம் குறைவதால், துணி அடைத்துக்கொண்டு முனை விரியாமல் போகலாம். அதனால் குட்டைக் குழலில் சோதித்த முடிவுகளைப் பார்த்து வாங்குங்கள். 9 மி.மீ.யைவிட வலுக் குறைந்த .380 தோட்டாவில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல்: விரிந்தால் ஆழம் போதாது, விரியாவிட்டால் ஆழமாகப் போகும். ஒரே தோட்டாவைத் தினமும் அறையில் ஏற்றி இறக்கினால் முனை கூட்டுக்குள் அமுங்கிக் குட்டையாகும். சுடும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். புதிய தோட்டா ஒன்றின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். மயிரிழை குட்டையானாலும் ஒதுக்கிவிடுங்கள்.

உறை துப்பாக்கிக்கு இணையான முக்கியத்துவம் உடையது. கைடெக்ஸ் போன்ற கெட்டிப் பொருளில், ட்ரிகர் பகுதியை முழுக்க மூடுவதாக, அதே மாடலுக்கென்று வார்த்ததாக இருக்க வேண்டும். காலித் துப்பாக்கியைச் செருகி, உறைக்கு வெளியிலிருந்து ட்ரிகர் பகுதியை விரலால் அழுத்துங்கள். ட்ரிகர் நகர்ந்தால் அந்த உறை குப்பைக்கு. மெத்தைமேல் தலைகீழாகப் பிடித்து உலுக்கினால் விழக் கூடாது. மெத்தென்ற பழைய தோலுறையின் வாய் உள்ளே மடங்கி ட்ரிகரை அழுத்தும். சட்டையின் நாடாவும் இப்படித்தான் உள்ளே சிக்கும். உறைக்குள் திரும்ப வைக்க எந்த அவசரமும் இல்லை. சட்டையை நன்றாக விலக்கி, கண்ணால் பார்த்து, மெதுவாக வையுங்கள். ஒன்றரை அங்குல விறைப்பான பெல்ட் வேண்டும். சாதாரண ஆபீஸ் பெல்ட் எடையில் மடிந்து கைப்பிடியை வெளியே சாய்க்கும். உறையில் ‘கிளா’ என்ற சின்ன இறக்கை இருந்தால் பெல்ட் அதை அழுத்தி, கைப்பிடியை வயிற்றோடு திருப்பிவிடும். கால்சட்டை இடுப்பளவு ஓரிரு அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். கண்ணாடி முன்னால் நின்று மேல் அலமாரியை எட்டிப் பாருங்கள், குனியுங்கள், காரில் உட்கார்ந்து சீட் பெல்ட் போடுங்கள்.

புடவையிலும் சல்வாரிலும் பெல்ட் கிடையாது. அதற்காகத் துப்பாக்கியைக் கைப்பைக்குள் போடுவதை நான் ஒப்பவே மாட்டேன். 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோவின் ஹேடன் நகரில், கடையில் இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பைக்குள் கைவிட்டு, அந்தத் துப்பாக்கியால் தாயையே சுட்டுவிட்டது. பெல்ட்டைச் சாராமல் இடுப்பில் தனியே கட்டி, அதில் கெட்டி உறையைப் பூட்டும் சட்டகங்கள் இப்போது கிடைக்கின்றன. குர்தாவுக்குள் அவை நன்றாக மறைகின்றன. புடவையிலும் வேட்டியிலும் அன்றைக்கு வீட்டுப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுப் போவதே நல்லது.

உடம்பில் இல்லாத நேரமெல்லாம் துப்பாக்கி பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். டெக்ஸாஸில் 17 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எட்டும்படி தோட்டா ஏற்றிய துப்பாக்கியை வைப்பதும் குற்றம். காரில் விட்டே ஆக வேண்டுமென்றால் இருக்கைச் சட்டத்தோடு கம்பியால் கட்டிய சிறு பெட்டி வேண்டும். டேஷ்போர்டு அறை போதாது.

ஹியூஸ்டன் வெயிலில் வியர்வை துருவைக் கொண்டுவரும், துணிப்பஞ்சு குழல்வாயிலும் ட்ரிகருக்குப் பின்னாலும் சேரும். வாரம் ஒருமுறை தோட்டாவை இறக்கித் துடையுங்கள். எண்ணெயை ஃபயரிங் பின் (தோட்டாவின் பின்புறத்தை அடிக்கும் ஊசி) துளைக்குள் விடாதீர்கள், அழுக்கோடு கெட்டிப்பட்டு அடி வலுவிழக்கும். இடுப்பில் இருந்த தோட்டாக்களை ஆண்டுக்கொருமுறை பயிற்சியில் சுட்டுத் தீர்த்துப் புதிதாக மாற்றுங்கள். உறையின் கிளிப் திருகுகள் நடக்க நடக்கத் தளரும். அவற்றில் நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு இட்டு முடுக்கி, மாதம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.