தை முதல் மாசி வரை: சென்னையில் போகும் இடமும் போகும் நேரமும்

18 ஜனவரி 2025, சனி

திருநெல்வேலியிலிருந்து வேலைக்காக வந்து வேளச்சேரியில் விடுதியில் தங்கியிருக்கும் அக்கா மகள், "சித்தி, ஷாப்பிங் மால்களையும் மெரினாவையும் விட்டால் இந்த ஊரில் என்னதான் இருக்கிறது?" என்று பொங்கல் விடுமுறை முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தாள். இடத்தைச் சொல்வது எளிது. எந்த நேரத்தில், எந்த மாதத்தில் போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது சென்னைக்காரர் சொல்லும் பதிலாகும். உச்சிவெயிலில் மெரினா மணலைக் கடந்து, கால் பொரிந்து திரும்பியவரிடம் அந்தக் கடற்கரையின் அருமையைப் பேசிப் பயனில்லை.

இன்று காலை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அவளை அழைத்துப் போனேன். வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை. மற்ற நாள்களில் கதவு திறந்ததும் நுழைந்துவிட்டால் முதல் ஒரு மணி நேரம் கூடங்கள் நமக்கே சொந்தம். 1851-இல் தொடங்கப்பட்ட இவ்வளவு பெரிய வளாகத்தை ஒரே நாளில் பார்த்து முடிக்க நினைப்பவர்களுக்குக் கால்வலிதான் மிஞ்சும் என்பதால், அமராவதிச் சிற்பங்களை இன்னொரு நாளுக்கு ஒதுக்கிவிட்டு, நேராகச் செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்துக்கே போனோம்.

திருவெண்காட்டு அர்த்தநாரியின் முன்னால் அவள் நின்றுவிட்டாள். வலப்பாகத்தில் இரண்டு கைகள், இடப்பாகத்தில் ஒன்றே ஒன்று. ரிஷபத்தின் மேல் ஊன்றியிருக்க வேண்டிய கை, ரிஷபம் இல்லாமலேயே இன்றைக்கும் ஊன்றியபடி இருக்கிறது. அகன்ற தோளும் ஒசிந்த இடையும் ஒரே உடலில் எந்த இடத்தில் சேர்கின்றன என்று எவ்வளவு தேடினாலும் அந்தக் கோடு கண்ணுக்குச் சிக்குவதில்லை. சோழர் காலத்துச் சிற்பி ஒருவர், இடப்பக்கத்துக்கு ஒரு கையே போதும் என்று துணிந்திருக்கிறார். அந்தத் துணிவுதான் என்னைத் திரும்பத் திரும்ப இங்கே இழுக்கிறது.

திருவாலங்காட்டு நடராசருக்குத் திருவாசி இல்லை. சுற்றிலும் சுடர் வளையம் இல்லாததால் தூக்கிய காலின் வீச்சு தடையின்றித் தெரிகிறது. பிரான்சு நாட்டுச் சிற்பி ரோதான் இந்தத் திருமேனியின் ஒளிப்படங்களை மட்டுமே பார்த்து வியந்து எழுதினார். ஐம்பது ரூபாய் ஆட்டோ தூரத்தில் இருக்கும் நம்மில் பலர் எட்டிப் பார்க்காதது பற்றி வேறென்ன சொல்ல?

2 பிப்ரவரி, ஞாயிறு

மயிலாப்பூருக்கு விடிவதற்கு முன்பே போய்விட வேண்டும். மேற்கே இருக்கும் தெப்பக்குளத்தின் படிகளிலிருந்து பார்க்கும்போது கபாலீசுவரர் கோயில் மெல்ல மெல்ல வெளிச்சத்துக்கு வருவது ஒரு காட்சி. உள்ளே புன்னை மரத்தடி இன்னொன்று. ஏழு மணிக்கு மேல் வாகனங்களின் ஒலிப்பான் சத்தம் அனைத்தையும் விழுங்கிவிடும். மாட வீதிகளுக்கும் மாதக் கணக்கு உண்டு. புரட்டாசியில் வடக்கு மாட வீதி நடைபாதை நெடுகக் கொலு பொம்மைகள் வரிசை கட்டும். பங்குனியில் அறுபத்துமூவர் விழாவன்று வீதி முழுவதும் தலைகளாகவே தெரியும். கூட்டம் ஆகாது என்பவர்கள் அன்றைக்கு இந்தப் பக்கம் வராமலிருப்பது நல்லது. எனக்குக் கூட்டம் ஆகும்.

9 பிப்ரவரி, ஞாயிறு

நேற்றிரவு முழுக்க நடந்த களைப்பில் மதியம்தான் எழுந்தேன். பங்குனி ஆமைகள் எனப்படும் ஆலிவ் ரிட்லி கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் பருவத்தில், மாணவர்கள் 1988-இல் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் நோக்கிக் கரையோரமாக இரவு நடை போகிறார்கள். வார இறுதியில் பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம். கைவிளக்கு அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது என்று புறப்படும்போதே சொல்லிவிடுகிறார்கள்.

இந்த ஜனவரியில் இதே கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கினால் அவை மூச்சுவிட மேலே வர முடியாமல் மூழ்கியே இறக்கின்றன. வழியில் கிடந்த ஆமையோட்டைப் பார்த்த பிறகு வெகுநேரம் யாரும் பேசவில்லை. ஆனால், அதற்குச் சற்றுத் தள்ளி, ஈர மணலில் டிராக்டர் சக்கரம் உருண்டது போன்ற தடம் ஒன்று கடலிலிருந்து மேலேறி, திரும்பக் கடலுக்கே போயிருந்தது. தன்னார்வலர் ஒருவர் கோலால் மெதுவாகக் குத்திப் பார்த்து, மணல் இளகிய இடத்தைக் கண்டுபிடித்துக் கையால் தோண்டினார். முழங்கை ஆழத்தில், பிங்பாங் பந்தளவு வெள்ளை முட்டைகள் இருந்தன. அவற்றை எடுத்துப்போய்ப் பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைக்கிறார்கள். குஞ்சு வெளிவர ஏறக்குறைய நாற்பத்தைந்து நாள் ஆகும். மணலின் வெப்பமே ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது. வெளிச்சம் இருக்கும் பக்கம் கடல் என்று நம்பி ஓடுவது குஞ்சுகளின் இயல்பாகையால், தெருவிளக்குகள் எரியும் இந்த நகரத்தில் அவை சாலைப் பக்கம் போய்விடும் ஆபத்து உண்டு. ஆகவேதான் பொரிப்பகம்.

"மறுபடி எப்போது சித்தி?" என்றாள். குஞ்சுகளைக் கடலில் விடும் மாலைப்பொழுது மார்ச் மாதத்திலிருந்து தொடங்கும்.

15 பிப்ரவரி, சனி

அடையாறு பிரம்மஞான சபை (தியோசாபிகல் சொசைட்டி). 1882 முதல் அச்சபையின் தலைமையிடம் இங்கேதான். குறிப்பிட்ட சில மணி நேரம் மட்டுமே பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள். கேட்டுக்கொண்டு போவது உத்தமம். உள்ளே இருக்கும் பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்துவிட்டது. விழுதுகள்தாம் இப்போது மரம்.

23 பிப்ரவரி, ஞாயிறு

மாலை நான்கரைக்குக் கடற்கரை நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினோம். இந்த ஊரை இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு உயரத்திலிருந்து காட்டும் வாகனம் வேறில்லை. சிந்தாதிரிப்பேட்டை, சேப்பாக்கம், திருவல்லிக்கேணி என்று மாடிவீடுகளின் துணிக்கொடிகளை ஒட்டியே வண்டி போகிறது. கீழே பக்கிங்காம் கால்வாய் பார்க்க அழகாக இருக்கிறது என்று சொன்னால் அது பொய். கிரீன்வேஸ் சாலையைத் தாண்டி அடையாற்றைக் கடக்கும் அந்தச் சில நொடிகளுக்காகவே வாசலருகே இடம் பிடிக்க வேண்டும்.

பெருங்குடியில் இறங்கினால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த இடம் என்றாலும், ஒருபுறம் குப்பைமேடும் மறுபுறம் கண்ணாடிக் கட்டடங்களும் நெருக்குவதைப் பார்க்கும்போது அந்தப் பெருமையைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் பூநாரைகள் வந்திருந்தன; சேற்றைக் கலக்கியபடி தலைகீழாக அலகை நுழைத்து மேய்ந்துகொண்டிருந்தன. வேளச்சேரி விடுதியிலிருந்து ஒரே ஒரு நிலையம். அடுத்த வாரம் தன் அலுவலகத் தோழிகளை இங்கே கூட்டி வரப்போவதாகச் சொன்னாள். வெயில் தாழ்ந்த பிறகு வரச் சொல்லியிருக்கிறேன்; இரவல் கேட்ட தொலைநோக்கியையும் கொடுத்துவிட்டேன்.