பழைய எம்ஜிபி வாங்குமுன் கதவுக்குக் கீழே பாருங்கள்

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான எம்ஜிபி ரோட்ஸ்டர் எனும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார், சீரமைக்க வேண்டிய நிலையில் விலைக்கு வந்தால் பலரும் முதலில் பானட்டைத் திறக்கிறார்கள். அதில் அவசரமே இல்லை. 1798 சிசி எஞ்சின் முரட்டு உழைப்பாளி. உதிரிபாகமும் தாராளமாகக் கிடைக்கும். காசைக் கரைப்பது துருதான்.

இந்த வண்டிக்குத் தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. கூரையும் இல்லாததால் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ‘சில்’ (sill) எனும் தகட்டு விளிம்புதான் முதுகெலும்பு. வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என அது அடுக்கடுக்கானது. வெளியே புதுத்தகடு பளபளக்கும், உள்ளே நடுத்தகடு பொடிப்பொடியாக உதிரும். ஒரு சிறு காந்தத்தைச் சில் நெடுக நகர்த்துங்கள். பிடிப்பு விட்ட இடத்தில் துருவை மறைக்கப் பட்டி (putty) பூசியிருக்கிறார்கள். பிறகு பின்சக்கரத்துக்கு முன்னால் ஜாக்கி வைத்துத் தூக்கிக் கதவைத் திறந்து மூடுங்கள். இடித்தால் உடல் தொய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

சில்லை வெட்டுமுன் கதவு வாசலின் குறுக்கே சதுரக்குழாய் வைத்து வெல்டு செய்து முட்டுக்கொடுப்பது கட்டாயம். ஒரு பக்கம் முழுதாக முடிந்தபின்பே மறுபக்கம். வெளித்தகட்டை முழுதாகப் பற்றவைக்குமுன் கதவை மாட்டி இடைவெளியைச் சரிபாருங்கள். இதைத் தவிர்த்தால் கதவு ஒருநாளும் ஒழுங்காகப் பூட்டாது.

சீட்டுக்குப் பின்னாலுள்ள பேட்டரிப் பெட்டியையும் விடாதீர்கள், ஆசிட் தின்றிருக்கும். 1967 வரை வந்தவற்றில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டி உடலோடு இணைந்திருக்கும். ரேடியோவின் பாசிட்டிவ், நெகட்டிவை மாற்றி இணைத்தால் புகைந்துவிடும்.